மீனை மட்டும் நினைவில் வைத்த ஊர்

சிங்கப்பூரின் பொங்கோலைப் பற்றி யார் எழுதினாலும் மீனில்தான் ஆரம்பிக்கிறார்கள். "ஒரு காலத்தில் மீனவக் கிராமம், இன்று நீர்முக நகரம்" என்ற வரி இல்லாத வீட்டு விளம்பரத்தையோ பள்ளித் திட்டப்பணியையோ நான் பார்த்ததில்லை. என் மகள் வகுப்புக்கு வரைந்து கொண்டுபோனதிலும் அதேதான். ஒரு பக்கம் படகு, வலை, தென்னைமரம். மறுபக்கம் பால்கனியில் செடி வைத்த அடுக்குமாடி. படம் அழகாகவே இருந்தது. ஆனால் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் பல பத்தாண்டுகளைக் காணோம். அதில் ஒரு நல்ல பங்கு பன்றிகளுடையது.

அதனால் நான் பன்றியில் ஆரம்பிக்கிறேன்.

சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில், மேற்கே பொங்கோல் ஆறு, கிழக்கே சிராங்கூன் ஆறு, வடக்கே ஜோகூர் நீரிணை என்று மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம் இது. ரப்பர்த் தோட்டம், கோழிப் பண்ணை, காய்கறித் தோட்டம் எல்லாம் இருந்த இடம். 1970களில் கிரான்ஜி போன்ற பகுதிகளில் நீர்த்தேக்கம் கட்ட முனைந்தபோது, அங்கிருந்த பன்றிப் பண்ணைகளின் கழிவு குடிதண்ணீரில் கலந்துவிடும் என்று பண்ணைக்காரர்களைக் கிளப்பி இங்கே அனுப்பினார்கள். பொங்கோல், சிங்கப்பூர்த் தீவின் கோடியில் இருந்தது. குடிதண்ணீர் எடுக்காத இடம். நாற்றம் வந்தாலும் கேட்பதற்கு ஆள் குறைவு.

வந்தவர்கள் நிலைக்கவும் இல்லை. 1984ல் அரசாங்கம் மனத்தை மாற்றிக்கொண்டது. இவ்வளவு சின்ன நாட்டில் பன்றிக்கு நிலம் ஒதுக்குவதும் அதன் கழிவைச் சுத்திகரிப்பதும் கட்டுப்படியாகாது, இறைச்சியை இறக்குமதி செய்துகொள்ளலாம் என்று முடிவானது. 1990 வாக்கில் கடைசிப் பண்ணைகளும் மூடப்பட்டன. ஒருமுறை வேரோடு பிடுங்கி நட்டவர்களை மறுபடி பிடுங்கியதுதான் நடந்தது. இரண்டாவது முறை நடுவதற்கு இடமில்லை.

எங்கள் புளோக்கின் வாய்டு டெக்கில், அதாவது கீழ்த்தளத்துத் திறந்த வெளியில், சாயங்காலம் வந்து உட்காரும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் அந்தக் காலத்தில் இங்கே தீவனம் ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டியவர். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். "மழை நாள்ல வண்டி சேத்துல சிக்கிக்கும்மா. எறங்கித் தள்ளணும். தள்ளிட்டு வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி வாசல்லயே நிறுத்தி வெச்சிருவா, குளிச்சிட்டு உள்ள வான்னு. சட்டைய எத்தன தடவ தொவைச்சாலும் அந்த வாடை போவாது" என்றார். அவர் மகள் அதே நிலத்தில் இப்போது ஐந்தறை வீட்டில் இருக்கிறாள். கூடத்து ஜன்னலில் நீர்வழி தெரிகிறது. "எங்கப்பா லாரி தள்ளின இடத்துக்கு நான் லோன் கட்டுறேன் அக்கா" என்று சொல்லிச் சிரித்தாள்.

இந்தக் கதையை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. கிராமம் மெல்ல மெல்ல வளர்ந்து நகரமானது என்பது கேட்க நன்றாக இருக்கிறது, நடந்தது அதுவல்ல. கிராமத்து மக்களைக் கிளப்பினார்கள், பண்ணைகளை மூடினார்கள், நிலம் வெறிச்சென்று கிடந்தது, அதன் மேல் புதிதாக ஒரு நகரத்தை வரைந்தார்கள். பன்றி வளர்த்த நிலம் காலியாகியிருக்காவிட்டால் இப்படி மொத்தமாக வரைவதற்கு ஒரு தாள் கிடைத்திருக்காது. எங்கள் வீடு நிற்பது மீனவர் விட்டுப்போன கரையில் என்பதைவிட, பண்ணைக்காரர் விட்டுப்போன கொல்லையில் என்பதே சரியாக இருக்கும்.

மீனவர்கள் இல்லாமலும் இல்லை. கரையோரத்தில் இருந்த மலாய்க் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, கம்போங் பொங்கோல் என்று பெயர். அதைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் வாக் சுமாங்கின் பெயராலும் அழைத்தார்கள். அந்தப் பெயர்தான் இன்று சுமாங் எல்ஆர்டி (இலகு ரயில்) நிலையமாகவும், சுற்றியுள்ள தெருக்களின் பெயராகவும் இருக்கிறது. என்னோடு ரயிலில் வருபவர்களில் எத்தனை பேருக்கு அது ஓர் ஆளின் பெயர் என்று தெரியும்? எனக்கே குடிவந்து நெடுநாள் கழித்துத்தான் தெரியும்.

நிபோங் நிலையத்துக்கும் அப்படித்தான். நிபோங் என்பது சதுப்புநிலத்தில் வளரும் ஒரு வகைப் பனை. அதன் தண்டு உப்புத்தண்ணீரில் சீக்கிரம் மக்காது. இந்த நீரிணையில் கேலோங் என்ற மீன்பிடி மேடைகளைக் கட்டியது அந்தக் கம்புகளை வைத்துத்தான். கேலோங் எப்படி மீன் பிடிக்கும் என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நினைவுச்சின்னமாக மட்டும் மிஞ்சிய எல்லாவற்றிலும் மிகவும் கெட்டிக்காரத்தனமானது அதுதான்.

முதலில் ஆழங்குறைந்த பகுதியிலிருந்து ஆழத்தை நோக்கி ஒரு நீண்ட வேலி. கடலடி மண்ணில் கம்புகளை வரிசையாக ஊன்றி இடையில் அடைப்பு வைத்திருப்பார்கள். ஏற்றவற்றத்தோடு நகரும் மீன் வேலியில் முட்டும். முட்டிய மீன் கரைப்பக்கம் திரும்பாது, ஆழத்தைத் தேடும். அதற்கு வேலியை ஒட்டியே போக வேண்டியிருக்கும். வேலி கொண்டுபோய் விடுகிற இடத்தில் ஓர் அறை, அதற்குள் இன்னோர் அறை. உள்ளே போக வழி அகலம், வெளியே வர வழி குறுகல். கடைசி அறையின் அடியில் வலை விரித்திருக்கும். மேலே மேடையில் ஒரு குடிசை, ஆட்கள் தங்குவதற்கு. இரவில் வலைக்கு மேலே விளக்கைத் தொங்கவிடுவார்கள். வெளிச்சத்துக்குச் சின்ன மீன் கூடும், நெத்திலி கூடும். வேளை வந்ததும் உருளையைச் சுற்றி வலையைத் தூக்குவார்கள். மீனைத் துரத்திப் போக வேண்டியதில்லை. மீனின் பழக்கத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும். 1965க்குப் பிறகு கேலோங்குக்குப் புது உரிமம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கம்புகள் ஒவ்வொன்றாகச் சாய, தொழிலும் சாய்ந்தது.

பொங்கோல் நீர்வழியின் குறுக்கே கட்டிய பாலங்களில் ஒன்றின் பெயர் கேலோங் பாலம். பழைய மேடைகளை நினைவூட்டும்படி வடிவமைத்தது. ஞாயிற்றுக்கிழமை அதில் நடந்தால் கல்யாண ஜோடிகள் புகைப்படத்துக்கு நிற்பார்கள், சின்னப் பிள்ளைகள் கம்பிக்கு நடுவில் தலையை விட்டுக் கீழே ஆமையைத் தேடுவார்கள். மற்ற பாலங்களுக்கு மாணிக்கம், சாகசம், அலை, சூரிய உதயம் என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். பன்றிக்கு ஒரு பாலமும் இல்லை. நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மீன் நாற்றமும் நாற்றம்தான். ஆனால் அதைக் கழுவி அலங்காரமாக மாட்டிவைக்க முடிகிறது.

சரி, பழைய சாலையின் கடைசிக்கு வருகிறேன். பொங்கோல் சாலை கடலில் போய் முடியும் இடத்தை 'பொங்கோல் எண்ட்' என்பார்கள். எழுபது, எண்பதுகளில் சிங்கப்பூரர்கள் குடும்பத்தோடு மிளகாய் நண்டு சாப்பிட வந்த இடம். பண்ணைகளைத் தாண்டி, கார் ஜன்னலை ஏற்றிக்கொண்டு வந்து, கடற்கரையில் இறக்குவார்கள். நீர்ச்சறுக்கு விளையாடவும் வருவார்கள். தொண்ணூறுகளில் கடலைத் தூர்க்கும் பணி வந்தபோது உணவகங்களும் போயின.

அதற்கும் முன்னால் இதே கோடியில் ஒரு மிருகக்காட்சிசாலை இருந்தது என்றால் பலர் நம்புவதில்லை. வில்லியம் லாரன்ஸ் சோம பசப்பா என்ற இந்திய வம்சாவளிப் பணக்காரர் நடத்தியது. முதலில் சிராங்கூன் சாலையில் தன் வீட்டுத் தோட்டத்தில் விலங்குகளை வைத்திருந்தார். இடம் போதாமல் 1928ல் பொங்கோல் கரைக்கு மாற்றினார். புலி, சிறுத்தை, பறவைகள் என்று பெரிய கூட்டம். அப்பாய் என்ற பெயருடைய புலியை அவர் கூடவே அழைத்துக்கொண்டு திரிந்ததாகச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில், வடக்கிலிருந்து ஜப்பானியர் இறங்குவார்கள் என்று பிரிட்டிஷ் படை இந்தக் கரையைக் கேட்டது. விலங்குகளை அப்புறப்படுத்த அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஆபத்தானவற்றைச் சுட்டுக் கொன்றார்கள், மற்றவற்றை அவிழ்த்துவிட்டார்கள். 1943ல் பசப்பாவும் இறந்தார். தமிழில் இவரைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசியிருக்கிறோம் என்பது எனக்கு ஆச்சரியம்.

அதே போரில், 1942 பிப்ரவரி 28ஆம் தேதி, அதே கடற்கரையில் ஜப்பானிய ராணுவக் காவல்படை 300 முதல் 400 சீன ஆண்களைக் கொண்டுவந்து நிறுத்திச் சுட்டது. நினைவுக்கல் இருக்கிறது, பல மொழிகளில் எழுதியிருக்கிறது. மணல் எடுத்துக் கோட்டை கட்டும் பிள்ளைகளைப் பெற்றோர் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதைப் பற்றி மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

திட்டத்துக்கு வருவோம். 1996 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் 'பொங்கோல் 21' என்று அறிவித்தார். புது நூற்றாண்டுக்கு ஒரு மாதிரி நகரம்; கடலோரம், ரயில், பசுமை எல்லாம் சேர்ந்தது. அடுத்த ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி. வீடு வாங்க ஆள் இல்லை. கட்டிய புளோக்குகள் பொட்டல் நடுவே தனித்து நின்றன. 2003 ஜூனில் வடகிழக்கு ரயில் பாதை வந்தது, 2005 தொடக்கத்தில் எல்ஆர்டியின் கிழக்கு வளையம் வந்தது. மேற்கு வளையத்துக்குத் தண்டவாளம், நிலையம் எல்லாம் கட்டிவைத்து 2014 வரை பூட்டிவைத்திருந்தார்கள். பிறகும் சில நிலையங்களைத் திறக்கவில்லை. டெக் லீ நிலையத்தின் மேடையைக் காலியாகவே பார்த்துக்கொண்டு அத்தனை வருஷமும் அதைக் கடந்து போயிருக்கிறோம். 2024 ஆகஸ்டில்தான் ரயில் அங்கே நின்றது. அன்று வேலைக்குப் போகிறவர்கள் பாதிப்பேர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். நானும்தான்.

கிழக்கு வளையத்தில் கடலூர் என்றே ஒரு நிலையம் இருப்பதை ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளிடம் காட்டாமல் இருக்க முடியாது. "நெய்வேலிக்கு எங்க மாறணும்?" என்று கேட்காத மாமா இல்லை.

2007ல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் இந்த ஊரை மறுபடி கையில் எடுத்தார். மூன்று பக்கமும் தண்ணீர் இருந்தாலும் நகரத்தின் நடுவில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. அதனால் தண்ணீரையே உள்ளே கொண்டுவருவது என்று தீர்மானித்தார்கள். நிலத்தைத் தோண்டி 4.2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்வழி வெட்டினார்கள். 2011ல் திறந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்குகிறவர் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிய வேண்டும் என்பதற்காக ஆறு வெட்டிய அரசாங்கம் வேறெங்காவது உண்டா, தெரியவில்லை. நான் குடியேறிய பிறகு என் அத்தை வந்து பார்த்துவிட்டு, "ஆத்தங்கரையில வீடு வாங்கியிருக்கே, வெள்ளம் வந்தா?" என்று கவலைப்பட்டார். வெள்ளம் வராது; மட்டத்தைக் கட்டுப்படுத்தும் நீர்வழி அது.

அந்த நீர்வழி வெறும் அழகுக்கு இல்லை என்பதுதான் விஷயம். மேற்கே பொங்கோல் ஆறு, கிழக்கே சிராங்கூன் ஆறு என்றேன் அல்லவா? இரண்டின் கழிமுகத்திலும் அணை கட்டிக் கடலை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே விழும் மழை உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவ, இரண்டும் நன்னீராயின. 2011ல் சிங்கப்பூரின் 16ஆவது, 17ஆவது நீர்த்தேக்கங்களாக அவை சேர்ந்தன. மரினா நீர்த்தேக்கத்தோடு இவையும் வந்தபின், தீவின் நிலப்பரப்பில் பாதியாக இருந்த நீர்ப்பிடிப்புப் பகுதி மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது. இரண்டு நீர்த்தேக்கங்களையும் இணைக்கும் வாய்க்கால்தான் எங்கள் ஜன்னல் காட்சி. நாங்கள் பார்த்து ரசிப்பது நாங்கள் குடிக்கப்போகும் தண்ணீர்.

இப்போது முதலில் சொன்னதை வைத்துப் பாருங்கள். கிரான்ஜி தண்ணீர் கெடக்கூடாது என்று பன்றிகளை இங்கே அனுப்பினார்கள். இங்கே அனுப்பியதற்குக் காரணமே இந்த ஆறுகளில் யாரும் குடிதண்ணீர் எடுக்கவில்லை என்பது. கடைசியில் இந்த ஆறுகளையே குடிதண்ணீர் ஆக்கிவிட்டார்கள். மீனவக் கிராமத்திலிருந்து நீர்முக நகரத்துக்கு ஒரு நேர்க்கோடு போடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். இந்த ஊரின் தலையெழுத்தைப் பல தடவை மாற்றி எழுதியது மீனல்ல, தாகம்.

சிராங்கூன் ஆற்றின் அந்தக் கரையில் லோரோங் ஹாலுஸ் இருக்கிறது. 1970 முதல் 1999 வரை சிங்கப்பூரின் குப்பை கொட்டிய இடம். பிறகு குப்பை கடலுக்குள் செமாக்காவ் தீவுக்குப் போனது. ஆனால் முப்பது வருஷக் குப்பைக்குள் மழை இறங்கினால் அடியில் கறுப்பாக ஒரு சாறு கசியுமே, அது பக்கத்திலேயே இருக்கும் புது நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டால்? அதைத் தடுத்துப் பிடித்து, கோரையும் நாணலும் வளர்த்த குளங்களில் விட்டு வடிகட்டுகிறார்கள். ஈரநிலம் என்று பெயர் வைத்து, நடைபாதை போட்டு, ஒரு சிவப்புப் பாலமும் கட்டிவிட்டார்கள். காலையில் சைக்கிளில் போனால் நீலச் சிறகு மீன்கொத்தி தெரியும். குப்பைமேட்டை இவ்வளவு அடக்க ஒடுக்கமாக வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு இதில் உண்மையாகவே மரியாதை. ஆனால் அந்தப் பாலத்தில் நின்று படம் எடுப்பவர்களிடம் காலடியில் என்ன இருந்தது என்று சொன்னால் முகம் மாறிவிடுகிறது.

நீர்முகத்தில் வாழ்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு: நன்றாக இருக்கிறது. மாலையில் காற்று வரும். நீர்நாய்க் குடும்பம் ஒன்று நீர்வழியில் வரும்; வந்தால் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் அடுத்த நிமிஷம் வீடியோ வந்துவிடும். நீர்நாய் மீனைக் கடித்துச் சாப்பிடும் சத்தம் கரையில் நின்றாலே கேட்கும், நொறுக்குத்தீனி மாதிரி. இந்த ஊரில் முழுநேரமாக மீன்பிடித்துப் பிழைப்பவர்கள் இப்போது அவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் நிறைந்த ஊர். லிஃப்டில் தள்ளுவண்டிக்கு எப்போதும் ஒதுங்கி நிற்க வேண்டும். பாயா லேபார் விமானப்படைத் தளம் பக்கத்தில் என்பதால் போர் விமானங்கள் தலைக்கு மேலே போகும். போன் பேசிக்கொண்டிருந்தால் "ஒரு நிமிஷம்" என்று நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். விளம்பரத்தில் இது வராது. தளத்தை 2030 முதல் இடம் மாற்றப்போவதாக 2013லேயே சொல்லிவிட்டார்கள்.

கோனி தீவையும் சொல்ல வேண்டும். பொங்கோலை ஒட்டிய சின்னத் தீவு, 2015 அக்டோபரில் பூங்காவாகத் திறந்தது. அங்கே ஒரு மாடு இருந்தது. திமில் வைத்த பிராமன் இனக் காளை, யார் கொண்டுவந்து விட்டது என்று தெரியாமல் தனியாகத் திரிந்தது. பூங்காக் கழகம் அதை விரட்டாமல், மருத்துவர் வைத்துப் பார்த்து, 'மாட்டைக் கண்டால் அமைதியாக விலகிச் செல்லுங்கள்' என்று அறிவிப்புப் பலகை வைத்தது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா அதற்காகவே வாழைப்பழம் எடுத்துக்கொண்டு போனார், பார்க்க முடியாமல் பழத்தோடு திரும்பினார். உணவு கொடுக்கக்கூடாது என்பது வேறு கதை. 2016ல் அது இறந்துபோனபோது செய்தியில் வந்தது.

கம்பத்தில் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள், இப்போது கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிறார்கள் என்று ஒரு புலம்பல் உண்டு. எனக்கு அதில் பாதிக்கு மேல் உடன்பாடில்லை. வாக் சுமாங்கின் கம்பம் மலாய்க்காரர்களுடையது. பண்ணைகளில் பெரும்பாலும் சீனர்கள். ஒவ்வொருவரும் அவரவர் பாதையில். இன்று 1989 முதல் உள்ள இன ஒதுக்கீட்டு விதிப்படி ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனமும் அதற்கான வரம்பைத் தாண்டாமல் கலந்துதான் இருக்க வேண்டும். சட்டம் போட்டு உண்டாக்கிய அக்கம்பக்கம் என்றாலும், தீபாவளிக்கு முறுக்கும் ஹரி ராயா பெருநாளுக்கு ரெண்டாங் கறியும் போய்வருகின்றன. வீட்டை விற்கும்போது அதே விதி கழுத்தைப் பிடிக்கும். எங்கள் புளோக்கில் இந்திய ஒதுக்கீடு நிறைந்திருந்தால் சீனரோ மலாய்க்காரரோ இந்தியருக்கு விற்க முடியாது, விலை பேசும்போது தெரியும் அதன் வலி. ஆனாலும் கம்பத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கும் ஆட்களில் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. லாரி ஓட்டிய பெரியவரிடம் அந்தக் காலம் வேண்டுமா என்று கேட்டேன். "லிஃப்ட் இருக்கும்மா இங்க" என்று முடித்துவிட்டார்.

நான் கேட்பது கம்பத்தை அல்ல, கணக்கில் நேர்மையை. மீனவரை நினைவில் வைப்பது சுலபம். அவர் எதையும் நாறவைக்கவில்லை, படகும் வலையும் சுவரில் அழகாக இருக்கும். பன்றி வளர்த்தவர்கள் இரண்டு முறை வாழ்க்கையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டும் ஊருக்குத் தண்ணீரும் நிலமும் வேண்டும் என்பதற்காக. குப்பை கொட்டிய லாரிக்காரர்களும் இந்தத் தண்ணீரின் வரலாற்றில் இருக்கிறார்கள். நாற்றமடித்ததால் மலிவாகக் கிடந்த நிலம், மலிவாகக் கிடந்ததால் மொத்தமாகக் கிடைத்தது, மொத்தமாகக் கிடைத்ததால் ஆறு வெட்ட முடிந்தது. இதைச் சொல்லாமல் எங்கள் நீர்முகத்தை விளக்க முடியாது.

மீன் என்ன ஆனது என்றால், எதிரே நீரிணையில் மிதவைப் பண்ணைகள் இன்னமும் இருக்கின்றன. கொடுவா, களவா மாதிரியானவற்றை வலைக்கூண்டில் வளர்க்கிறார்கள். சுலபமான பிழைப்பில்லை. 2015ல் பாசி பெருகித் தண்ணீரில் பிராணவாயு போய், கிழக்கு ஜோகூர் நீரிணைப் பண்ணைகளில் மீன் டன் கணக்கில் செத்து மிதந்தது. பொங்கோல் படகுத்துறையில் வெள்ளி இரவு தூண்டில்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். அக்கரையில் பாசிர் கூடாங் துறைமுகத்தின் விளக்குகள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. கிடைத்தால் படம் எடுத்துத் திரும்ப விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நீர்த்தேக்கத்தில் தூண்டில் போட வேண்டுமென்றால் குறித்த இடத்தில்தான், அதுவும் செயற்கை இரைதான். புழு போட்டால் குடிதண்ணீர் கெடும்.

2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் நிலையம் திறந்தபிறகு வடகிழக்குப் பாதை கடற்கரை வரை வந்துவிட்டது. பல்கலைக்கழக வளாகம் வந்துவிட்டது, அலுவலகங்கள் வருகின்றன. கடைசியாகக் காலியாக இருந்த திடல்களிலும் இப்போது தகரவேலி.

எங்கள் வீட்டு மீனுக்கு மட்டும் இந்த ரயில்தான் கதி. பேரங்காடியில் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கிடப்பதை என் மாமியார் தொடமாட்டார். சனிக்கிழமை காலை அவரும் லாரிப் பெரியவரின் மகளும் பொங்கோலில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கித் தேக்கா சந்தைக்குப் போவார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து, வஞ்சிரமும் நெத்திலியும் வாங்கி, ஐஸ் வைத்த பையில் கட்டிக்கொண்டு அதே பாதையில் திரும்புவார்கள். எதிர் இருக்கையில் இருப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்களாம். "சுளிக்கட்டும். துரியானுக்குத்தான் போர்டு போட்டிருக்கான், மீனுக்குப் போடல" என்பார் மாமியார்.